ஹமீதா பானு எடுத்துக் கொடுத்த விறகு

1

இந்தக் கதை உச்சிப்புளி ஸ்டேஷன் வாசலில், ஒரு டீக்கடையில் கிடைத்தது. ராமேஸ்வரம் போகிற ரயில் ஏனோ நின்றுவிட்டது. இறங்கிப் போய் ஒரு டீ கேட்டேன். கடைக்காரர் அடுப்போடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். ஊதுகிறார், விசிறுகிறார், புகை வருகிறதே தவிர நெருப்பு வரவில்லை.

"பூராம் பச்சை விறகு. அந்தாளு தெரியாமக் குடுத்துட்டான் போல" என்று கண்ணைக் கசக்கினார்.

பெஞ்சில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் சிரித்தாள். "பச்சை விறகைத் தெரியாமக் குடுக்க யாராலயும் ஏலாது. தெரிஞ்சுதான் குடுத்திருப்பாக."

எஞ்சின் ஊதியது. டீ குடிக்காமலே ஓடி வந்து ஏறினேன். பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோதும் அந்த வாக்கியம்தான் கூட வந்தது. கீழே கடல் அசையாமல், பால் ஆடை மாதிரிக் கிடந்தது. தெரிந்தே ஒருவர் பச்சை விறகைக் கொடுப்பாரா? ஏன் கொடுப்பார்? வியாபாரியை விட்டுவிடுங்கள். அடுப்பு எரியக்கூடாது என்று நினைக்கிற ஒருவர் இருந்தால்?

அந்த ஒருவரை நான் உண்டாக்கினேன். அவள் பெயர் ஹமீதா பானு.

2

தொடக்கம் ஒன்று: "கடலோரத்தில் புதுமடம் என்றோர் ஊர். அங்கே ஹமீதா பானு, லத்தீபா என்று இரு சகோதரிகள் ஒற்றுமையாக..." [அடித்துவிட்டேன். பாடப்புத்தகம்.]

தொடக்கம் இரண்டு: "புகை! எங்கு பார்த்தாலும் புகை! அதற்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல்..." [தொடர்கதை எழுதுகிற கைக்கு வேறென்ன வரும். இங்கே யாரும் சாகப்போவதில்லை.]

தொடக்கம் மூன்று: "லத்தீபா தனி அடுப்பு வைக்கப்போகிறாள் என்பதை ஹமீதா பானு மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்." [இது நிற்கட்டும்.]

3

லத்தீபா தனி அடுப்பு வைக்கப்போகிறாள் என்பதை ஹமீதா பானு மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டாள். சொன்னதும் லத்தீபாதான். கிணற்றடியில் அக்காவுக்கு எதிரே குந்தியிருந்தாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"லாத்தா, பின்கட்டுல தனியா ஆக்கச் சொல்றாக."

"யாரு, ஒன் வீட்டுக்காரர் பாக்கரா?"

"ம்."

"என் ஆணம் அவருக்கு ஒறைக்குதாமா?"

"அதுக்கில்ல லாத்தா. கொழும்புக் கடையைக் குடுத்துட்டு வந்தாச்சு. இனிமே ஊரோடதான். எந்நேரமும் மதினி கையை எதிர்பாத்து உக்கார்றது அவுகளுக்கு ஒரு இதா இருக்கு."

ஹமீதா பானு மீனைப் புரட்டிப்போட்டு மறுபக்கத்துச் செதிளைச் சுரண்டினாள். "வைங்களேன். யாரு வேணாங்கிறது?" என்றாள்.

செதிள்கள் தெறித்து அவள் கை முழுக்க ஒட்டின. வெயிலில் கை மினுங்கியது. வேறு யாருடைய கையோ என்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு உம்மா காலத்து வீடு. முன்கட்டு மூத்தவளுக்கு, பின்கட்டு இளையவளுக்கு. அடுக்களை மட்டும் இருவருக்கும் பொது. ஹமீதா பானுவின் கணவர் தோணியோடு கடலில் போய்த் திரும்பாமல் மவுத்தானவர். பிள்ளை இல்லை. லத்தீபாவின் பிள்ளைகள் பெரியம்மா கைச்சோற்றில் வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடுக்களைக்குள் எட்டிப்பார்த்து, "என்ன ஆணம்?" என்று அன்றைய குழம்பைக் கேட்காமல் பையை இறக்கி வைக்கமாட்டார்கள்.

அன்று உலை வைக்கப் போன ஹமீதா பானு, பானை வரிசைக்கு முன்னால் நின்றுவிட்டாள். எல்லாம் பெரிய பானைகள். ஒருத்திக்கு மட்டும் சோறாக்க எதை எடுப்பது?

(அந்தத் தெருவில் "பிரிந்துவிட்டார்கள்" என்று யாரும் சொல்வதில்லை. "அடுப்பு ரெண்டாச்சு" என்பார்கள். வேறு விளக்கம் வேண்டியதில்லை.)

4

அடுப்புப் போட முத்தழகு வந்தாள். இவளை எழுதும்போது எனக்குச் சிரமமே இருக்கவில்லை, பேசிக்கொண்டே வந்துவிட்டாள். உள்நாட்டுக் கிராமத்துக்காரி. பிளாக் ஆபீஸிலிருந்து வந்த கிராம சேவிகையிடம் புகையில்லா அடுப்புப் போடக் கற்றுக்கொண்டவள். புற்றுமண்ணும் உமியும் சாணமும் குழைத்து, மூன்று வாய் வைத்து, உள்ளே ஒன்றுக்கொன்று சுரங்கம் விட்டு, கடைசியில் சுட்ட மண் குழாயைக் கூரைக்கு மேலே நீட்டிவிடுவாள்.

"இந்தா பாருங்க லத்தீபாக்கா, புகை இந்தப் பக்கம் ஒரு பொட்டு வராது. வந்தா என் பேரை மாத்திக்கிறேன்."

"மாத்தி என்ன பேரு வைப்ப?"

"உங்க வீட்டுக்காரரையே வைக்கச் சொல்லுங்க. கொழும்புப் பேரா ஒண்ணு."

வாசலில் நின்ற பாக்கர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்கட்டுக்குப் போய்விட்டார். ஹமீதா பானு சிரிக்கவில்லை. குழாயை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏன் முத்தழகு, ஈர விறகு வச்சா?"

"அய்யய்யோ, வச்சிராதீக. குழாய்ல கரிப்பசை ஏறி அடைச்சிக்கிரும். மொத்தப் புகையும் மூஞ்சிக்கே திரும்பி வரும். காஞ்ச விறகுதான் இதுக்குத் தோது."

ஹமீதா பானு சும்மா கேட்டாளா, மனதில் வைத்துக்கொண்டு கேட்டாளா? இரண்டு நாள் யோசித்தேன். முதலில் "உள்ளுக்குள் குரூரமாகச் சிரித்துக்கொண்டாள்" என்று எழுதியிருந்தேன். அப்படிச் சிரிக்கிறவள் தங்கை பிள்ளைக்கு முள் எடுத்து மீன் ஊட்டமாட்டாள். அடித்துவிட்டேன். சும்மாதான் கேட்டாள். பதில்தான் சும்மா போகவில்லை.

5

அந்த வீட்டில் விறகு ஹமீதா பானுவின் பொறுப்பு. சின்னச்சாமியின் வண்டியில் உடைமர விறகு வந்து இறங்கும். பிளந்து, பனந்தண்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக, காற்றுப் புகுந்து வெளியேற வழிவிட்டு அடுக்குவாள். கடல் பக்கம் அடுக்கமாட்டாள்; உப்புக் காற்று ஈரம் விடும். கொல்லையின் மேற்கே அடுக்குவாள். மேற்கிலிருந்து கச்சான் காற்று வந்து அடிக்கிற அடியில் கட்டைகளின் முனை வெடிக்கும், பட்டை கழன்று விழும். அப்புறம்தான் அடுக்களைக்கு வரும்.

அப்போது கொல்லையில் இரண்டு அடுக்குகள் இருந்தன. ஒன்று நன்றாகக் காய்ந்தது. இன்னொன்று அண்மையில் இறக்கியது; இன்னும் பால்வாசம் போகவில்லை.

மத்தியானம் வேப்பமர நிழலில், அந்த இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே பாய் விரித்துப் படுத்தாள். கண் சொருகியது. விறகு பெருமூச்சு விடுவது கேட்டது. ஈரம் வெளியேறும் சத்தம் அது. அடுக்கு மெல்ல அசைந்து, தரையை விட்டு எழும்பி, மணலில் வழுக்கிக் கடலுக்குள் இறங்கியது. தெப்பம் போல் மிதந்தது. அதன் மேல் லத்தீபா உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. தண்ணீர் வெள்ளையாக இருந்தது, வானமும் வெள்ளையாக இருந்தது, நடுவில் கோடே இல்லை.

[பத்திரிகை ஆசிரியருக்குக் கனவுகள் பிடிக்காது. "ஆறு மாதங்கள் ஓடின என்று போட்டு மேலே போங்கள்" என்பார். போட்டும் பார்த்தேன். கனவுக்குள்ளிருந்து ஹமீதா பானு என் பக்கம் தலையைத் திருப்பி, "எழுதிட்டாக் காஞ்சிருமாக்கும்?" என்று கேட்டாள். வெட்கமாகப் போயிற்று. எடுத்துவிட்டேன்.]

6

இனி வழக்கம் ஒன்று. புது அடுப்புக்கு முதல் விறகு பழைய அடுக்களையிலிருந்து போக வேண்டும். வீட்டு மூத்தவள் தன் கையால் ஒரு அணைப்பு எடுத்துக் கொடுக்க வேண்டும். எந்த ஊரில் இந்த வழக்கம் என்று கடிதம் போடாதீர்கள். இந்தத் தெருவுக்காக நான் வைத்த வழக்கம் இது. ஆனால் வைத்த பிறகு என்னாலும் மீற முடியவில்லை.

காலை வெயில் ஏறியதும் ஹமீதா பானு கொல்லைக்குப் போனாள். பின்கட்டில் தெருப் பெண்கள் கூடியிருந்த சத்தம் கேட்டது. புகையில்லா அடுப்பைப் பார்க்க வந்தவர்கள். அது புகைந்தால் சிரிப்பார்கள். பாக்கருக்கு ரோஷம் வரும், ஆனால் பசியும் வரும். பிள்ளைகள் மறுபடி வந்து "என்ன ஆணம்?" என்பார்கள். ஒருநாள், ஒருவேளை அதற்கப்புறமும்.

அவள் கை காய்ந்த அடுக்கின் மேல்தான் முதலில் போனது. போய், அங்கேயே இருந்தது. பிறகு

[இங்கே நிறுத்திவிட்டேன். மறுநாள் மறுபடி உட்கார்ந்தேன்.]

பிறகு மற்ற அடுக்கிலிருந்து எடுத்தாள். ஒவ்வொன்றாக, பார்த்து எடுத்தாள். கைக்குக் கனத்தது.

7

இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன.

முதலாவது: அடுப்பு புகைகிறது. எல்லோரும் இருமுகிறார்கள். லத்தீபா அழுதுகொண்டே பழைய அடுக்களைக்குத் திரும்புகிறாள். ஹமீதா பானு மனம் நொந்து உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறாள். வாசகர்கள் கைக்குட்டையைத் தேடுகிறார்கள்.

இரண்டாவது: பின்கட்டு வாசற்படியில் அவள் மனம் மாறுகிறது. ஓடிப்போய்க் காய்ந்த விறகைக் கொண்டுவருகிறாள். நெருப்பு தகதகவென்று எரிகிறது. சுபம்.

இரண்டிலும் லத்தீபா ஒரு மரப்பாச்சி. இத்தனை வருஷம் அதே அடுக்களையில் அதே விறகைத் தள்ளித் தள்ளி எரித்தவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் நினைத்ததுதான் தப்பு.

8

லத்தீபா இரண்டு கையையும் நீட்டி விறகை வாங்கினாள். வாங்கியதும் கை தாழ்ந்தது. காய்ந்த விறகு அப்படிக் கையைத் தாழ்த்தாது. அவள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். ஹமீதா பானு கூரைக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன யோசனை? பிஸ்மி சொல்லிப் பத்தவை" என்றார் பாக்கர்.

முத்தழகு எட்டிப்பார்த்தாள். கட்டையில் பட்டை உரியாமல் இறுகப் பிடித்திருந்தது. "ஆத்தே! அடுப்பும் பச்சை, விறகும் பச்சை. நான் எப்படி இனிமே இந்தத் தெருவுக்குள்ள வாரது?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பாக்கர் சிரிக்கவில்லை. "கொல்லையில அம்புட்டுக் காஞ்ச விறகு கெடக்கு. இதை எதுக்கு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, மெல்ல ஹமீதா பானுவின் பக்கம் திரும்பினார். சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. ஹமீதா பானு "மாத்தி எடுத்தாந்துட்டேன்" என்று சொல்ல வாயெடுத்தாள். விறகை அவள் மாற்றி எடுப்பாள் என்று அந்தத் தெருவில் யார் நம்புவார்கள்?

"நான்தான் கேட்டேன்" என்றாள் லத்தீபா.

"என்னது?"

"நான்தான் பச்சையாக் கேட்டேன். காஞ்சதை இன்னைக்கே எரிச்சுட்டா நாளைக்கு எதை வைக்கிறது? இது என் பங்கு. இங்கன சுவரோரமா அடுக்குறேன். காஞ்சதும் பத்தவைப்போம்."

"அதுவரைக்கும் பட்டினியா?"

"அதுவரைக்கும் லாத்தா அடுப்புதான்."

"அது எப்பக் காயும்?"

"எனக்கென்ன தெரியும்? லாத்தாவுக்குத்தான் விறகு தெரியும். அவுக காஞ்சிருச்சுன்னு சொல்லட்டும், அன்னைக்குப் பத்தவைக்கிறேன்."

"காயட்டும், காயட்டும்" என்றாள் முத்தழகு. "என் அடுப்பும் அதுக்குள்ள நல்லா இறுகிக்கிரும். பேரும் தப்பிச்சுது."

பாக்கர் மனைவியைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "சோறு என்னைக்கி ஆகுமோ" என்று முனகியபடி வெளியே போனார்.

லத்தீபா குனிந்து, சுவரோரம் முதல் கட்டையை வைத்தாள். குறுக்கே இன்னொன்று. கை தவறாமல், ஹமீதா பானு அடுக்குகிற அதே அடுக்கு.

9

இதற்கு மேல் கதையைக் காற்று எழுதியது. வாடை வந்தது. முதல் மழைத்துளி விழுந்ததும் ஹமீதா பானு எதையும் யோசிக்காமல் பின்கட்டுக்கு ஓடி, அந்த அடுக்கின் மேல் ஓலைப்பாயைப் போட்டு மூடினாள். மூடிவிட்டு, மழையில் நனைந்தபடி, தான் என்ன செய்தோம் என்று அங்கேயே நின்றாள். மூடாமல் விட்டிருந்தால் விறகு இன்னும் வெகுநாள் காய்ந்திருக்காது. திரும்பிப் போய்ப் பாயை எடுக்கவும் இல்லை.

மழை ஓய்ந்தது. பங்குனி வெயில் மணலை வறுத்தது. பின்கட்டு அடுப்பின் மேல் பூனை ஒன்று படுத்துத் தூங்கப் பழகிவிட்டது. பாக்கர் தினமும் ஆணத்தைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாந்தரம் கேட்டு வாங்கினார். ஒருநாள் கச்சான் தொடங்கியது. ஊர் முழுக்க மணல் பறந்து, வீடுகள் கரைந்து, தென்னைகள் மட்டும் ஆகாயத்தில் வேரில்லாமல் நின்று ஆடின. அந்த மங்கலில் ஹமீதா பானு பின்கட்டுச் சுவரோரம் வந்தாள். கட்டைகளின் முனையில் விரல் நுழைகிற வெடிப்பு. பட்டை தானாகக் கழன்று கிடந்தது.

லத்தீபா அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். வெடிப்பு அவளுக்கும் தெரிகிற தூரம்தான். அவள் விறகைப் பார்க்கவில்லை.

[ஹமீதா பானுவின் பதிலை மூன்று விதமாக எழுதிக் கிழித்துவிட்டேன். "ஆச்சு" என்பவளும் அவள்தான், "இன்னும் கொஞ்சம்" என்பவளும் அவள்தான். உங்கள் வீட்டிலும் ஒரு மூத்தவள் இருப்பாள். அவள் என்ன சொல்வாள் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இந்த இடத்திலிருந்து கதை உங்களுடையது.]

"லாத்தா" என்றாள் லத்தீபா, பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். "காஞ்சிருச்சா?"

ஹமீதா பானு முந்தானையால் முகத்து மணலைத் துடைத்துக்கொண்டு, தங்கையின் பக்கம் திரும்பி,