ஞானபாக்கியத்தின் குக்கூ கடிகாரம்

அப்பா ஐயாதுரை இறந்து பதினொரு வருடம் ஆகியும் ராஜபாளையம் வீட்டு முன்னறையில் அவருடைய குக்கூ கடிகாரம் தொங்கிக்கொண்டிருந்தது. ஜெர்மனியின் கருங்காட்டில், பனிக்காலத்தில் வெளியே போக முடியாத குடியானவர்கள் மரத்தில் செதுக்கியது என்பார். மணிக்கொரு தரம் சின்னக் கதவு திறந்து மரக்குயில் கூவும். அதைப் பார்க்கத் தெருவே வந்த காலம் உண்டு. 1962இல் தன் நாட்டுக்குத் திரும்பிய ஜெர்மன் டாக்டரம்மா, வீட்டைக் காலி செய்து கொடுத்த தன் கிளார்க் ஐயாதுரைக்குப் பரிசாகத் தந்தது என்பதும் அவர் சொன்னதுதான்.

குயில் கூவாமல் போகவே மகள் ஹெப்சிபா கடிகாரத்தைப் பழுதுபார்க்கும் ராம்கியின் கடைக்குக் கொண்டுபோனாள். பின்பலகையைக் கழற்றினான். கூவலுக்குக் காற்று ஊதும் குட்டித் துருத்தி கிழிந்திருந்தது. அதன் பின்னால் ஒரு காகிதம்.

"அக்கா, தமிழ்ல எழுதியிருக்கு, பாருங்க."

'ஞானபாக்கியத்துக்கு. என் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்த்ததற்கு.' கீழே டாக்டரம்மாவின் கையெழுத்து.

கடிகாரத்தைத் திருட வந்த, டாக்டரம்மா வீட்டு ஆயா என்று அப்பா சொல்லிச் சொல்லி, சர்ச் சபையே ஒதுக்கி, ஊரைவிட்டுப் போனவளின் பெயர் அது.

விசாரித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கடிகாரத்தோடு போனாள். ஞானபாக்கியம் இறந்து ஒன்பது வருடமாகியிருந்தது. மகள் பரிபூரணம் காகிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"டாக்டரம்மா தாரேன்னு சொன்ன கடிகாரத்த அம்மா கேக்கத்தான் போனாவ. என் கையப் பிடிச்சுக்கிட்டுப் போனாவ. உங்கப்பா வாசல்ல வச்சே திருடின்னாரு. எனக்கு அப்ப எட்டு வயசு."

"உங்களுக்குச் சேர வேண்டியதுக்கா. வாங்கிக்கிடுங்க."

"வேண்டாம். இது இங்க தொங்குனா, கடைசில எடுத்துட்டாளுகன்னுதான் சொல்லுவாவ. திருடின்னது உங்க சபையில. அங்க போயிச் சொல்லுங்க."

சபையில் சொல்லப்போவதாக வீட்டில் சொன்னதும் ஹெப்சிபாவின் தம்பி ஜோயல் கத்தினான். "செத்தவரை எதுக்கு அசிங்கப்படுத்துத?"

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஹெப்சிபா எழுந்து நின்று காகிதத்தைப் படித்தாள். அப்பா செய்ததையும் சொன்னாள். ஜோயல் பெண்டாட்டி பிள்ளைகளோடு வெளியேறினான். அன்று திருடி என்றவர்களில் ஒருவர்கூட இப்போது உயிரோடு இல்லை.

"ஞானபாக்கியம்னா யாரு?" என்று முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்.

கடைசி பெஞ்சில் பரிபூரணம் உட்கார்ந்திருந்தார். ஹெப்சிபா காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டினாள். அவர் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கடிகாரம்க்கா?"

"அது உங்க பாடு."

பஸ் ஸ்டாப்வரை ஹெப்சிபா அவருடன் நடந்தாள். பஸ் வர அரை மணி நேரமானது. ஹெப்சிபா அதுவரை கூடவே நின்றாள்.