பதினாலடியா, பதினாறடியா

நீரிழிவில் ஆறாமல் போன ஒரு புண், இந்திரகுமாரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. வைத்தியசாலையிலிருந்து அவர் பென்டில் ஹில் வீட்டுக்குத் திரும்பிய வாரம் உறவினர்கள் பழங்களோடு வந்தார்கள். நித்தியானந்தன் வெறுங்கையோடு வந்து, நண்பரின் பக்கத்தில் உட்கார்ந்து, கிரிக்கெட் பார்த்துவிட்டுப் போனார். பக்கத்துப் புறநகரான டூங்கபியில் தன் வீட்டுக்குள் நுழைந்ததும் கணினியைத் திறந்து படகுகளைத் தேடத் தொடங்கினார்.

இருபது வருடத்துக்கும் மேலாக இருவரும் சேர்ந்து மீன் பிடித்தவர்கள். விடியமுன் காரை எடுத்து டியூமட் ஆற்றுக்குப் போவார்கள். இடுப்புக்கு மேல் வரும் இறப்பர் காற்சட்டையோடு குளிர்ந்த தண்ணீரில் இறங்கி நின்று ட்ரௌட் மீனுக்குத் தூண்டில் வீசுவார்கள். அந்த ஆற்றின் கற்கள் சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். இரண்டு கால் உள்ளவனே விழுவான். இனி இந்திரகுமார் அதில் நிற்கப்போவதில்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆற்றுக்குள் நிற்க முடியாவிட்டால் என்ன, ஆற்றுக்கு மேல் இருக்கலாமே என்று நித்தியானந்தன் நினைத்தார். அதற்கென்றே ஒரு படகு இருந்தது. ட்ரிஃப்ட் படகு. இயந்திரம் கிடையாது. தட்டையான அடி, மேல்நோக்கி வளைந்த முனைகள். நடுவில் இருப்பவர் போகும் திசையைப் பார்த்தபடி துடுப்பை நீரோட்டத்துக்கு எதிராக இழுத்து வேகத்தைக் குறைத்துக்கொண்டே போவார். முன்னாலும் பின்னாலும் இருப்பவர்கள் மீன் பிடிப்பார்கள். முன்பக்கத்தில் நண்பனை இருத்தி, நடுவில் தான் துடுப்போடு உட்கார்வதாக அவர் மனதில் படம் போட்டுவிட்டார். எத்தனை அடிப் படகு என்பதில்தான் சிக்கல்.

ஒரு சனிக்கிழமை, வீட்டு வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் நீல நாடா ஒட்டிப் பன்னிரண்டடி, பதினாலடி, பதினாறடி என்று மூன்று படகுகளை வரைந்தார். சாப்பாட்டு மேசைக் கதிரைகளைக் கொண்டுவந்து அவற்றுக்குள் வைத்து, மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார். அப்போதுதான் யோகா கறிச்சட்டியோடு காரை விட்டு இறங்கினாள். கலியாணம் கட்டாத நித்தியானந்தனுக்கு வாரக் கடைசிச் சாப்பாடு எப்போதும் இந்திரகுமாரின் மனைவியான அவள் கையால்தான்.

"இதென்ன நித்தி அண்ணா, றோட்டில பஸ் ஓட்டுறியளோ?"

அவர் கதிரையை விட்டு எழும்பாமலே விளக்கினார். பன்னிரண்டடி இலேசானது, ஒருவராகவே இழுத்துக்கொண்டு போகலாம். ஆனால் இந்திரன் பாரமான ஆள். அவன் எழும்பி நின்றால் ஆடும். பதினாறடி அசையாது. ஆனால் அதைத் துடுப்பால் பிடித்து வைக்க நல்ல முதுகு வேண்டும்.

"உங்களுக்கு நல்ல முதுகு இருக்கே?"

"ஜிம்முக்குப் போறன்."

யோகா சிரிக்கவில்லை. நாடாவின் ஓரமாக ஒருமுறை நடந்துவிட்டு, பின்பக்கக் கதிரையில் தானும் உட்கார்ந்தாள்.

"அப்ப மூண்டு பேருக்குப் பாருங்கோ. நானும் வாறன்."

"நீர் படகில ஏறினதே இல்லையே, யோகா."

"ஓம், ஏறினதில்லை. பயம்தான். ஆனா ஆஸ்பத்திரியில இவற்றை காலை எடுக்கேக்கை வாசலுக்கு வெளியில நிண்டிட்டன். இனி வெளியில நிக்க மாட்டன்."

நித்தியானந்தன் கையை நீட்டினார். கறிச்சட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இருவரும் கொஞ்ச நேரம் அந்த நாடாப் படகிலேயே இருந்தார்கள். மூன்று பேர் என்றால் பதினாறடிதான் என்று முடிவாயிற்று.

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டில் விசயத்தைச் சொன்னபோது இந்திரகுமாரின் முகம் சிவந்துவிட்டது.

"என்னைக் கேட்டனியே? ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னைச் சாக்கு மூட்டை மாதிரி முன்னுக்கு வைச்சு ஆத்தில கொண்டு திரியப்போறியள். பாவம் பாத்து ஒருத்தரும் எனக்குப் படகு வாங்க வேண்டாம்."

"பாவம் பாத்து இல்லையடா. நீ இல்லாமல் போய்ப் பாத்தனான். பகல் முழுக்க ஒரு மனுசரும் என்னை ஏசேல்லை. மீன் பிடிச்ச மாதிரியே இல்லை."

இந்திரகுமார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். யோகா அவர் தட்டில் இன்னொரு கரண்டி பருப்பை விட்டாள்.

"சரி," என்றார் கடைசியில். "பாக்க வாறன். வாங்கிறது வேற கதை."

சில மாதங்களில் இந்திரகுமாருக்குச் செயற்கைக்கால் பொருத்தினார்கள்; அது பழகியதும் மூவரும் புறப்பட்டார்கள். டியூமட்டுக்கு அருகில் க்ரெக் என்பவர் தன் கொட்டகையில் இத்தகைய படகுகளைக் கட்டி விற்றுவந்தார். அவரிடம் விற்பனைக்குப் பதினாலடியும் பதினாறடியுமாக இரண்டு இருந்தன. கேட்ட எல்லாவற்றுக்கும் "தண்ணீரில் போட்டுப் பாருங்கள், தெரியும்" என்பதுதான் அவர் பதில். மூன்று பேருக்கும் பாதுகாப்பு அங்கிகளை மாட்டிவிட்டு, ஆறு அமைதியாக ஓடும் ஒரு பகுதியில் முதலில் பதினாறடியை இறக்கினார். தான் ஒரு சிறிய படகில் பின்னால் வருவதாகச் சொன்னார்.

இந்திரகுமார் முன்னால், நித்தியானந்தன் நடுவில், யோகா பின்னால். படகு நகர்ந்ததும் யோகா கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டாள். இந்திரகுமார் முன்பக்கத்தில் நிற்பவர் சாய்வதற்கென இருந்த தாங்கியில் தொடைகளை அண்டக்கொடுத்து மெல்ல எழும்பி நின்றார். தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடியது. தூண்டிலை எடுக்கவில்லை, சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிடரியைப் பார்த்தபடி நித்தியானந்தன் துடுப்பை இன்னும் மெதுவாகப் போட்டார்.

அந்தச் சந்தோசம் முதல் வளைவு வரைக்கும்தான். ஆறு அங்கே குறுகி வேகம் பிடித்தது. வெளிக்கரையில் ஒரு வில்லோ மரம் கிளைகளைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நின்றது. நித்தியானந்தன் இழுத்தார். பெரிய படகு அவர் சொல்லைக் கேட்கவில்லை. பலமாக இன்னொரு முறை இழுத்தபோது இடுப்பில் ஏதோ சுளீரென்றது. துடுப்பு கையிலிருந்து நழுவி, அதைப் பிணைத்திருந்த வளையத்தில் தொங்கியது.

"மூக்கை மரத்துக்கு நேர திருப்பு! திருப்பிப்போட்டுப் பின்னுக்கு இழு!" என்று க்ரெக் ஆங்கிலத்தில் கத்தியதை இந்திரகுமார் தமிழில் கத்தினார்.

"ஏலாதடா! முதுகு பிடிச்சிட்டுது!"

"அப்ப தள்ளி இரு! நான் துடுப்பைப் பிடிக்கிறன்!"

இந்திரகுமார் பலகையில் பின்புறத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டே நடு இருக்கைக்கு வந்தார். நித்தியானந்தன் குனிந்தபடியே முன்பக்கம் ஊர்ந்து போனார். செயற்கைக்கால் மிதிகட்டையில் நிற்காமல் வழுக்கியது. இந்திரகுமார் ஒரே இழுவையில் அதைக் கழற்றிப் பின்னால் நீட்டினார்.

"யோகா, இதைப் பிடி!"

யோகா இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவர் இடது காலைக் கட்டையில் ஊன்றி, படகின் முனையை மரத்துக்கு நேரே திருப்பி, பின்னால் சாய்ந்து இழுத்தார். மாதக்கணக்காக ஊன்றுகோல்களில் உடம்பைச் சுமந்த தோள்கள் அவை. படகு நின்றது. பிறகு ஒரு சாணாக, இரண்டு சாணாக, மரத்தை விட்டு விலகி வந்தது. கிளையொன்று நித்தியானந்தனின் தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டது.

அமைதியான தண்ணீருக்கு வந்ததும் மூன்று பேரும் மூச்சு வாங்கினார்கள். யோகாதான் முதலில் சிரித்தாள். சப்பாத்துப் போட்ட ஒரு காலை மடியில் வைத்துக்கொண்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தபோது மற்ற இருவராலும் அடக்க முடியவில்லை.

"நித்தி," என்றார் இந்திரகுமார், துடுப்பை விடாமலே. "நீ படகை அளந்தாய். சரி. யார் துடுப்பு வலிக்கிறது எண்டு யாரைக் கேட்டாய்?"

நித்தியானந்தன் தொப்பியில்லாத தலையைச் சொறிந்தார்.

"சாக்கு மூட்டை எண்டு நான் கோவிச்சது அதுக்குத்தான். இஞ்ச இருக்கேக்கை நான் மூட்டை இல்லை."

கரையேறி, க்ரெக்கின் வண்டியில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியதும் இந்திரகுமார் பதினாலடியையும் தண்ணீரில் போடச் சொன்னார். மூன்று பேருக்கு அது சின்னதாக இருக்கும் என்று நித்தியானந்தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தார். இந்திரகுமார் கேட்கவில்லை. அவரே நடுவில் ஏறினார். அந்தக் கூட்டத்தில் மிகப் பாரமானவர் நடுவில் இருக்க, மெலிந்த நித்தியானந்தன் முன்னாலும் யோகா பின்னாலும் ஏற, படகு எந்தப் பக்கமும் தாழாமல் தட்டு மாதிரி மிதந்தது. துடுப்பை இலேசாகத் தொட்டாலே திரும்பியது. அதே வளைவில் அதே வில்லோவைத் தாண்டும்போது இந்திரகுமார் ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"பதினாறடியெண்டு ஒட்டின நாடாவை என்ன செய்யிறது?" என்று யோகா கேட்டாள்.

"கழட்டுறது," என்றார் நித்தியானந்தன்.

பதினாலடியையே வாங்கினார்கள். வெட்டிய கால் அழுந்தாமல் இருக்க, க்ரெக் நடு இருக்கைக்கு முன்னால் மெத்தை வைத்த ஒரு தாங்கியைப் பொருத்திக் கொடுத்தார். படகு டூங்கபியில் நிற்கிறது. ஆனால் அதன் தலைவர் பென்டில் ஹில்லில் இருக்கிறார், காலையில் தொலைபேசியில் எடுத்துத் தார்ப்பாய் மூடியிருக்கிறதா என்று விசாரிப்பார்.

ஒக்டோபரில் மீன்பிடிக் காலம் திறந்ததும் போனார்கள். நித்தியானந்தன் முன்னால் நின்று வீசிய தூண்டில்கள் எல்லாம் மரத்தில் மாட்டின. "நேர வீசடா! மீன் மரத்திலயே இருக்கு?" என்று பின்னாலிருந்து ஓயாமல் ஏச்சு விழுந்தது. அவர் அதைத் திரும்பிப் பாராமல், முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டுக்கொண்டே நின்றார்.

மத்தியானத்துக்குச் சற்று முன் யோகாவின் தடி வளைந்தது. அவள் போட்ட சத்தத்தில் கரையில் நின்ற மாடுகள் நிமிர்ந்து பார்த்தன. இந்திரகுமார் படகை நீரோட்டத்தில் அசையாமல் பிடித்து வைத்திருக்க, நித்தியானந்தன் வலையை நீட்ட, முன்கை நீளத்தில் ஒரு ட்ரௌட் உள்ளே வந்து விழுந்தது.

"வடிவான மீன்," என்றார் இந்திரகுமார். "ஒரு படம் எடுத்திட்டு விடு."

"எங்க விடுறது?"

"ஆத்திலதான். நாங்கள் பிடிச்சுப்போட்டு விடுறனாங்கள்."

யோகா கணவரைப் பார்த்தாள். பிறகு நித்தியானந்தனைப் பார்த்தாள்.

"இருவது வரியமா விடியக் காலமை எழும்பிப் போய், பிடிச்சதையெல்லாம் திருப்பி விட்டிட்டே வெறுங்கையோட வந்தனீங்கள்?"

இந்திரகுமார் வானத்தைப் பார்த்தார்; நித்தியானந்தன் வலையின் முடிச்சை ஆராய்ந்தார்.

"படகைக் கரைக்கு விடுங்கோ," என்றாள் அவள். கூடைக்குள் கையை விட்டுத் தாச்சி, எண்ணெய்ப் போத்தல், உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த டப்பா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

இந்திரகுமார் துடுப்பை மாற்றிப் போட்டு, படகின் மூக்கை மணல் கரைப் பக்கம் திருப்பினார்.