முதல் அகப்பை

பினாங்கிலிருந்து வந்த முகேஷ் தாராவியில் கால் வைத்த அரைமணி நேரத்தில், விஜயராணியின் அம்மா முருகம்மாள் அவனை மனசுக்குள் மாப்பிள்ளை ஆக்கிவிட்டாள். ஃபேஸ்புக்கில் ஊர்ப்பேரைத் தேடித் தேடி இவர்களைக் கண்டுபிடித்து, சனி ஞாயிறு இரண்டு நாளுக்கு வந்திருந்தான். எண்பது வருஷத்துக்கு முன்னால் அவன் தாத்தாவும் பாட்டியும் கப்பலேறியதோடு தொடர்பு விட்டுப்போன சொந்தம். அந்த இருவரில் விஜயராணியின் தாத்தா பூதத்தானுக்கு உடன்பிறப்பு யார் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. முகேஷின் தாத்தா தம்பி என்றால் அவன் பங்காளி, விஜயராணிக்கு அண்ணன். பாட்டி தங்கை என்றால் முறை மாப்பிள்ளை. முருகம்மாள் தங்கைதான் என்று அடித்துச் சொன்னாள்.

சனிக்கிழமை சாயங்காலமே ஜூஹூ கடற்கரை. கால் நனைக்கக்கூடப் பயப்படுகிறவள், மகளை மட்டும் அவனோடு அலைக்குள் தள்ளிவிட்டு, மணலில் உட்கார்ந்து போட்டோவாக எடுத்துக் குவித்தாள்.

அம்பர்நாத் ஃபாக்டரியில் வேலை பார்க்கும் மாரீஸ்வரனை விஜயராணி மூன்று வருஷமாக விரும்புகிறாள். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. அப்பாவும் இல்லை. கூடப்பிறந்தவன் ஒருத்தன் இருந்திருந்தால் அவனை விட்டாவது பேசச் சொல்லியிருக்கலாம். முழங்கால் தண்ணீரில் நின்றபடி முகேஷிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் சிரித்தான். தான் சொந்தம் பார்க்க வந்தவன், பெண் பார்க்க வரவில்லை என்றான்.

"அப்ப நாளைக்கு அம்மா முன்னால, எங்கள மாதிரி உங்க குலசாமியும் குளத்தங்கரை சாஸ்தான்னு சொல்லிருங்க. அது போதும்."

ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுப்பதோ எடுப்பதோ கிடையாது. அதற்குமேல் அம்மா என்ன பேசிவிட முடியும்?

ஞாயிற்றுக்கிழமை அதே மணலில் பாவ் பாஜி தட்டோடு உட்கார்ந்தபோது, விஜயராணி ஒன்றும் அறியாதவள் மாதிரி குலசாமியைப் பற்றிக் கேட்டாள். முகேஷ் பாடத்தை ஒப்பித்தான். முருகம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். பெற்றவளுக்குத் தெரியாத திருட்டுமுழியா?

"சரி மக்களே, வீட்ல பொங்கல் விடுவியள்லா? மொத அகப்பைய யாருக்குப் போடுவிய?"

விஜயராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. சாமிக்கு என்றுதான் யாரும் சொல்வார்கள். தொலைந்தோம் என்று நினைத்தாள்.

"நாய்க்கு, ஆன்ட்டி. அப்பா இருந்தவரைக்கும் அவர் போட்டாரு, இப்ப நான் போடறேன். எங்க வீட்டுல நாய் இல்ல, பக்கத்து வீட்டுச் சீனரோட நாயைக் கூட்டிட்டு வருவோம். ஏன்னு அப்பாவுக்கும் தெரியாது."

சாஸ்தாவின் வேட்டை நாய்க்குத்தான் முதல் அகப்பை. பூதத்தான் வீட்டு ஆண்மக்களைத் தவிர யாரும் அப்படிப் போடுவதில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணோடு அந்த வழக்கம் போகாது. விஜயராணி அவனையே பார்த்தாள். புளுகுவதற்காகப் பிடித்த அண்ணன் உண்மையிலேயே அண்ணனாக இருந்தான். சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. மணல் விழுந்துவிட்டதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை கைநழுவிய துக்கம் முருகம்மாளுக்கு ஒரு பாவ் தீரும்வரைதான் இருந்தது. பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி இல்லலே, பெரியம்மா. தகப்பன் இல்லாத பிள்ள இது. இனி இவளுக்கு மாப்பிள்ள பாக்கது உன் பொறுப்பு. நீ கைகாட்டுதவனுக்குக் கட்டிக்குடுக்கேன், சாஸ்தா மேல சத்தியம்."

முகேஷ் விரலில் ஒட்டியிருந்த பாஜியை நிதானமாக நக்கி முடித்தான்.

"பார்த்தாச்சு பெரியம்மா. அம்பர்நாத்ல இருக்காரு."