பத்தொன்பதாவது நொடி

1.

இந்தக் கதை என் கற்பனை அல்ல. கட்சி ஒன்றின் தேர்தல் அலுவலகத்தில் வீடியோ வெட்டி ஒட்டும் வேலை பார்த்த பெண் சொன்னது. "என் பேர் மட்டும் வேண்டாம், மத்ததெல்லாம் எழுதிக்கோங்க" என்றாள்.

'அந்த மனிதரை வெறுக்க யாராலும்...' என்று தொடங்கி, அடித்துவிட்டேன். ரொம்பத்தான் அலட்டலாக இருந்தது. நேராகவே சொல்கிறேன்: எதிரணி வேட்பாளர் பரம சாது என்று ஊரே நம்பியது. அந்த நம்பிக்கையைக் கெடுப்பதுதான் அவளுக்குத் தந்த வேலை. வீட்டில் 'விளம்பரக் கம்பெனி' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

2.

பிரசார ஆலோசகர் கெட்டவர் இல்லை. (வில்லனாக எழுதிப் பார்த்தேன். மீசை ஒட்டவில்லை.)

எதிரணிக்காரரின் நாற்பது மணி நேரப் பேச்சை அவள் சலித்துவிட்டாள். ஓரிடத்தில்கூடக் குரல் உயரவில்லை.

"ஒரு தடவைகூடவா கோபம் வரல? மனுஷன்தானே அவரு?" என்றார் ஆலோசகர் இளக்காரமாக.

அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ரோஷம் விடவில்லை. "ஏன் வராம? எங்க அண்ணனுக்காக ஃபேக்டரி வாசல்ல அப்படிக் கத்தினாரே, சார்!"

ஆலோசகர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"வீடியோ இருக்கா?"

3.

இருந்தது. அண்ணனோடு வேலை பார்த்தவர் எடுத்து, அண்ணனின் போனில் மட்டும் தங்கிவிட்ட இருபத்து மூன்று நொடி. எதற்கென்று சொல்லாமல் கேட்டு வாங்கினாள்.

பூட்டிய கேட். வெளியே கூட்டம். கழுத்து நரம்பு புடைக்க அந்தச் சாது கத்துகிறார்: "உடைங்கடா! எவன் தடுத்தாலும் விடாதீங்க!" உள்ளே கொதிகலன் அறையில் புகை. அது படத்தில் இல்லை. பத்தொன்பதாவது நொடியில் கேட் விழுகிறது. படம் அங்கே நின்று, பிறகு எடுத்த மீதி நான்கு நொடியில், மயங்கிய அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே வெளியே வருகிறார்.

"பத்தொன்பதுல வெட்டும்மா. அஞ்சு மணிக்கு வெளிய போகணும்."

"மீதி நாலு செகண்ட், சார்?"

"அத அவங்க போட்டுக்கட்டும். நாம பொய் ஒண்ணும் சொல்லலையே?"

"அவங்ககிட்ட இல்லையே, சார்."

"அப்ப இன்னும் நல்லது."

4.

முடிவு ஒன்று: அவள் வேலையை உதறிவிட்டு எழுந்து போகிறாள். எழுதி முடித்ததும் எனக்கே கைதட்டத் தோன்றியது. கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: வெட்டுகிறாள், அவர் தோற்கிறார், அவள் வாழ்நாளெல்லாம்... (போதும்.)

நடந்தது இதுதான். நாலு ஐம்பதுக்கு அண்ணன் போன் செய்தான்.

"வந்து சேந்துச்சா, பாப்பா? நீ கேட்டப்பவே புரிஞ்சுது, அவருக்குத்தானே விளம்பரம் பண்றீங்க, அண்ணிகிட்ட சொன்னேன், அவளுக்கு ஒரே சந்தோஷம். ஒண்ணே ஒண்ணு. கடைசி நாலு செகண்ட விட்றாத. அதுலதான் நான் இருக்கேன்."

"சரிண்ணா" என்றாள்.

5.

பிறகு என்ன செய்தாள் என்றும் சொன்னாள். அதை எழுதினேன். எழுதி வெட்டிவிட்டேன். என் பிழைப்பும் அவள் பிழைப்பும் ஒன்றுதான் என்று அப்போதுதான் உறைத்தது, வெட்கமாக இருந்தது.

மணி நாலு ஐம்பத்தேழு. திரையில் வெட்டும் கோடு பத்தொன்பதில் நிற்கிறது. ஆலோசகர் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறார். மவுஸைப் பிடியுங்கள்.