பேச்சு முடியும்வரை பாலம்

அலொக்வா ஆற்றுப் பாலம் முதல் தடவை நாற்பத்தொரு நிமிடம் நின்றது. ஆளுநர் தன் உரையின் மூன்றாவது பத்தியைப் படித்துக்கொண்டிருந்தபோது அது வந்தது. படித்து முடித்துக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபோது போய்விட்டது. போன நேரத்தில் அதன் நடுவில் வள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்றும், லாரிக்குள் மூன்று பேரும் இருந்தார்கள். இது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, மழைக்காலம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு வியாழக்கிழமை.

அதற்கு முன் அந்த இடத்தில் பாலம் என்று சொல்ல அனெகோ ஊர்க் கரையில் நின்ற ஒற்றைத் தூண் மட்டும்தான் இருந்தது. நைஜீரியாவின் நடுப்பகுதியில் இருக்கும் ஒகெபா மாநிலம் மூன்று பட்ஜெட்டுகளில் அந்தப் பாலத்துக்குப் பணம் ஒதுக்கியிருந்தது. மூன்று ஒப்பந்தக்காரர்களும் மாநிலத் தலைநகரில் நல்ல வீடுகளாகக் கட்டிக்கொண்டார்கள். ஆடுகள் அந்தத் தூணில் முதுகைச் சொறிந்துகொண்டன. பாலம் தயார் என்று கீழேயிருந்து மேலே ஒவ்வொரு மேசையாகச் சொல்லிக்கொண்டே போனதில், ஆளுநரும் அதை நம்பித் திறந்துவைக்கக் கிளம்பிவிட்டார். வந்து தூணைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அடுத்த மாதம் ஆளுநர் தேர்தல் இருந்ததால் கையிலிருந்த தாளைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினார்.

அந்தத் தாளை எழுதியவர் அட்டபோ. திட்டத் துறையில் உதவிச் செயலாளர். வேலைவாய்ப்பு, சாலை, மாநிலத்தின் நிதிநிலை இம்மூன்றையும் பற்றி அவர் எழுதினால், எண்கள் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வரிசையில் நிற்பது போல இருக்கும் என்று தலைநகரில் சொல்வார்கள். அவர் அனெகோவில் பிறந்தவர். பெற்றோர் சீக்கிரம் போய்விட்டதால் அக்கா அஜுமாதான் சாலையோரம் அக்காரா வடை பொரித்து விற்று அவரைப் பல்கலைக்கழகம் வரை படிக்கவைத்தாள். அஜுமாவின் கணவன் அச்சிமி லாரி ஓட்டினான். ஆற்றைக் கடக்கப் படகுக்குக் காத்திருந்தே பாதிக் கிழங்கு அழுகிப்போகும் என்பது அவனுடைய நெடுநாள் புகார். சுற்றிப் போனால் தொண்ணூறு கிலோமீட்டர், அதிலும் பாதி வழி சேறு.

அன்று அச்சிமி படகுத்துறையில் காத்துக் கிடந்தான். ஒலிபெருக்கியில் ஆளுநர், 'இதோ, அலொக்வா பாலம் உங்கள் முன் நிற்கிறது' என்று படித்ததும் பாலம் நின்றது. இருபுறமும் கைப்பிடி, மஞ்சள் பூசிய ஓரக்கல், விளக்குக் கம்பங்கள், எல்லாம் சரியாக இருந்தன. ஆளுநர் ஒருகணம் நிறுத்திவிட்டு மறுபடி படித்தார். கூட்டம் கைதட்டியது. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் போய்த் திரும்பி வந்து ஒன்றும் ஆகவில்லை என்று காட்டின. அச்சிமி கிளீனர்கள் இருவரையும் ஏறச்சொல்லி வண்டியைக் கிளப்பினான். பழைய வண்டி, பாரம் வேறு, மெதுவாகத்தான் போனான்.

உரை முதலில் ஒன்பது பக்கம் இருந்தது. வெயில் கடுமையாக இருக்கும், சுருக்கு என்று முந்தின நாள் ஆளுநர் சொன்னதால், கடன் குறைப்பைப் பற்றிய கடைசி இரண்டு பக்கங்களை அட்டபோ எடுத்துவிட்டார். ஏழாம் பக்கத்தில் பேச்சு முடிந்தது. பாலம் இடிந்து விழவில்லை, சத்தம்கூட இல்லை. விளக்கை அணைத்ததும் அறை காணாமல்போவது போலப் போனது. லாரி மட்டும் சத்தத்தோடு விழுந்தது.

அச்சிமியின் உடல் மூன்றாம் நாள் ஆற்றின் வளைவில் கிடைத்தது. அதற்குள் அரசின் விளக்கம் வானொலியில் வந்துவிட்டது: அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிக்கொண்டு, ஓட்டுநர் தடையை மதிக்காமல் வேகமாகச் சென்றதே விபத்துக்குக் காரணம். கேட்டவுடனேயே அது யார் எழுதிய வாக்கியம் என்று அஜுமாவுக்குத் தெரிந்துவிட்டது. தம்பி படித்த பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் கட்டியவள் அவள். அட்டபோ ஒரு ஆட்டையும் இரண்டு மூட்டை அரிசியையும் கொண்டுவந்து சாவு வீட்டு வாசலில் நின்றார். அவள் வெளியே வரவில்லை. ஆடு சாயங்காலம் வரை அங்கேயே கட்டிக்கிடந்து கத்தியது. பிறகு யாரோ அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அக்காவும் தம்பியும் அதன்பின் பதினோரு வருடம் பேசவில்லை.

அந்தப் பதினோரு வருடத்தில் பாலம் இன்னும் நான்கு முறை திறந்துவைக்கப்பட்டது. ஆளுநர் மாறினார், கட்சி மாறியது, உரை எழுதுபவர் மாறவில்லை. ஊர் பழகிக்கொண்டது. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்ததும் அக்கரையில் பெண் எடுத்தவர்கள் அந்த நாளில் கல்யாணம் வைத்தார்கள். சவப்பெட்டிகள்கூடக் காத்திருந்தன. ஆளுநர் 'இறுதியாக' என்று சொன்னவுடன் பாலத்தில் இருப்பவர்கள் ஓடத் தொடங்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு ஆளுநருக்கு அந்த வார்த்தையை நாலு தடவை சொல்லும் பழக்கம். அன்று ஊரே மூச்சிரைத்துப்போனது. விழா நாள்களில் நானூறு பேருக்கு ஆரஞ்சு நிறச் சட்டை கொடுத்து வேலைக்கு வைத்தார்கள். பேச்சு முடிந்ததும் சட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அந்த நானூறு ஐந்து விழாக்களில் இரண்டாயிரமாகி, அறிக்கைகளில் நிரந்தரமாக இடம்பெற்றது.

பிறகு மாநிலத்தின் நிதிநிலையைச் சீராக்க வேண்டும் என்று நாட்டின் தலைநகர் அபுஜாவிலிருந்தும், அதற்கு அப்பால் கடன் கொடுத்த இடங்களிலிருந்தும் சொன்னார்கள். ஒரே காலையில் ஆறாயிரம் பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஒருமுறை நீக்கப்பட்டவரை மறுபடி எந்தப் பெயரிலும் சேர்க்கக்கூடாது என்ற விதியையும், 'கசிவுகள் அடைக்கப்பட்டன' என்று தொடங்கும் அறிக்கையையும் எழுதிக் கொடுத்துவிட்டு அட்டபோ வீட்டுக்குப் போனார். பட்டியலில் தன் பெயர் இருப்பதை மறுநாள் செய்தித்தாளில் பார்த்தார். மாநிலத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அவர் அனெகோவுக்குத் திரும்பி, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் கடைக்குப் பின்னால் ஒரு அறை எடுத்து, மனு எழுதிக்கொடுத்துப் பிழைத்தார். அஜுமாவின் வீடு நாலு தெரு தள்ளி இருந்தது. எதிரே வந்தால் அவள் கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விடுவாள்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு ஆகஸ்டில் அஜுமாவின் மகள் ஒமெனெக்குப் பிரசவ வலி எடுத்தது. இரண்டு நாளாகியும் குழந்தை இறங்கவில்லை. மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு, அக்கரை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஒருவேளை இருவரும் பிழைக்கலாம், நேரமாக நேரமாக அதுவும் இல்லை என்றாள். ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. படகுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நண்பகல் போல அஜுமா அட்டபோவின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"உன் பேச்சுத்தாள் எதாவது வச்சிருக்கியா?" என்றாள்.

வைத்திருந்தார். முதல் உரையின் ஒன்பது பக்க மூலம், மடிப்புகள் கிழிந்து, பெட்டியின் அடியில் இருந்தது. அதை ஏன் தூக்கிப்போடவில்லை என்று அவருக்கே தெரியாது. ஆற்றங்கரைக்குப் போனபோது ஒமெனெயை ஒரு பழைய வேனின் பின்னால் படுக்கவைத்திருந்தார்கள். வண்டி சும்மா உறுமிக்கொண்டு நின்றது. அட்டபோ தூணுக்குப் பக்கத்தில் நின்று படித்தார். கை நடுங்கியது. குரல் மனு எழுதுபவரின் குரலாக இருந்தது. மூன்றாவது பத்தி வந்தது, நாலாவதும் வந்தது. ஆற்றின் மேல் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

அஜுமா அவர் அருகில் வந்தாள். கத்தவில்லை, வேனில் இருப்பவளுக்குக் கேட்கக்கூடாது என்பது போல மெல்லத்தான் சொன்னாள்.

"இப்படிப் படிச்சா யாருடா நம்புவா? என் புருஷன் வேகமாப் போனான்னு ரேடியோவுக்கு எழுதிக் குடுத்தியே, அப்ப உனக்குக் கை நடுங்குச்சா? அந்தத் தைரியத்தோட படி."

அட்டபோ தாளை நிமிர்த்திப் பிடித்து முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை ஒவ்வொரு எண்ணையும் அது தன் சொந்தப் பிள்ளை என்பது போலச் சொன்னார். பாலம் வந்தது. வேன் ஏறியது. அக்காவும் உள்ளே இருந்தாள். மழையில் பாலம் வழுக்கியது, வண்டி நடுவழியில் இரண்டு முறை நின்று நின்று கிளம்பியது. ஏழாம் பக்கம் முடிந்தது. அன்று விட்டுப்போன இரண்டு பக்கங்களையும் படித்தார், அவையும் முடிந்தன. வேன் இன்னும் அக்கரையைத் தொடவில்லை. தாளைக் கீழே போட்டுவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னார். இரண்டு இரும்பாலைகள் தொடங்கப்பட்டுவிட்டன என்றார். ஊருக்கு ஊர் ரயில் என்றார். கடனெல்லாம் அடைந்துபோய் இப்போது அபுஜாவுக்கே ஒகெபா கடன் கொடுக்கிறது என்றார். படித்துவிட்டுச் சும்மா இருக்கும் ஒவ்வொருவருக்கும் வேலை ஆணை தபாலில் வந்துகொண்டிருக்கிறது என்று அவர் சொன்னபோது, கரையில் குந்தியிருந்த பத்துப் பதினைந்து ஆண்கள் தங்களை அறியாமல் எழுந்து நின்றார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மறுபடி உட்கார்ந்தார்கள். அக்கரையில் வேனின் விளக்கு இரண்டு முறை எரிந்து அணைந்ததைப் பார்த்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

வெள்ளம் வடிந்து நாலாம் நாள் படகில் அக்கரைக்குப் போனார். ஒமெனெ பிழைத்திருந்தாள். குழந்தையும் இருந்தது, பெண். அஜுமா வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவருடைய தொண்டை இன்னும் சரியாகவில்லை என்று பார்த்து ஒரு குவளை வெந்நீர் வாங்கிக் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும் குவளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அன்னைக்கும் இவ்வளவு நேரம் பேசியிருக்கலாமேடா, தம்பி" என்றாள்.

குழந்தையை அவர் கையில் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே சந்தை வியாபாரிகளின் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. வியாழக்கிழமை அக்கரைச் சந்தை. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பேசினால் போதும் என்றார்கள். அவர் மாட்டேன் என்றார். சங்கத் தலைவி பெரிய உடம்புக்காரி, மிளகாய் வியாபாரி. அழுகிய கிழங்கு ஒரு கூடையைக் கொண்டுவந்து அவர் அறை வாசலில் கொட்டிவிட்டுப் போனாள். நாற்றம் தாங்காமல் மூன்றாம் நாள் அவர் ஒத்துக்கொண்டார். ஒரு ஒலிபெருக்கியும் பெரிய குடையும் வாங்கிக்கொடுத்தார்கள். போகும் லாரிகள் வண்டிக்கொரு கிழங்கை அவர் காலடியில் போட்டுவிட்டுப் போயின. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னால் பாலத்தில் குழி விழுவதை ஓட்டுநர்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். அதனால் அவர் மாதாமாதம் எண்களைக் கூட்ட வேண்டியிருந்தது. மூன்றாம் வருடத்தில் ஒகெபாவில் மக்கள்தொகையைவிட வேலைகள் அதிகமாகிவிட்டன. பாலம் நான்கு வழிப் பாலமானது.

ஐந்தாம் வருடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு தானாகவே கரைக்குப் போனார். உள்ளதைச் சொன்னார். பாலத்துக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, யார் யாருக்குப் போனது, தலைநகரில் எந்தத் தெருவில் எந்த வீடு என்று சொன்னார். லாரியில் இருந்த மூவரின் பெயரையும் சொன்னார். அச்சிமி வேகமாகப் போகவில்லை, மெதுவாகத்தான் போனான், அதனால்தான் செத்தான் என்றார். அதை எழுதியவன் நான் என்றார். ஆறு தன் பாட்டுக்கு ஓடியது. கரையில் மரவள்ளி ஊறவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவர்களில் அஜுமாவும் இருந்தாள். அவர் முடித்ததும், சத்தம் கேட்டு வந்திருந்த மிளகாய் வியாபாரி தொண்டையைச் செருமிக்கொண்டு மரியாதையாகவே கேட்டாள்.

"எல்லாம் சரிங்கய்யா. வியாழக்கிழமை வந்துருவீங்கல்ல?"

அஜுமா ஊறிய கிழங்கை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று மாலை ஒமெனெயின் மகள் ஒரு தட்டில் இடித்த கிழங்கும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து அவர் அறையில் வைத்துவிட்டுப் போனாள். அவர் வியாழக்கிழமை போனார்.

அரசாங்கத்துக்குச் செய்தி எட்ட ஐந்து வருடம் ஆனது. அதிகாரிகள் நாலு பேர் வந்து குடைக்குள் நின்று ஒரு சந்தை நாள் முழுக்கப் பார்த்தார்கள். பாலம்: நிறைவுற்றது என்று எழுதினார்கள். உருவாக்கப்பட்ட வேலை: ஒன்று என்று எழுதினார்கள். அந்த வேலைக்குச் சம்பளம் போட வழியில்லை, ஒருமுறை நீக்கப்பட்டவரை மறுபடி சேர்க்கக்கூடாது என்று விதி இருக்கிறது, மிகத் தெளிவாக எழுதப்பட்ட விதி என்று அவரிடம் வருத்தத்தோடு சொன்னார்கள். அவர் தெரியும் என்றார். மறுமாதம் இக்கரையில் ஒரு சுங்கச்சாவடி வந்தது. அது உண்மையான செங்கல், உண்மையான தகரம், பேச்சு முடிந்த பிறகும் நின்றது. அந்த வருடம் ஒகெபாவின் சொந்த வருவாய் கூடியதற்காக மறுபடி ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது.

இப்போது அட்டபோவுக்கு அறுபத்தாறு வயது. லாரிக்காரர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறார்கள். அவர் என்ன சொல்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. போன மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சலும் தொண்டைக்கட்டும் வந்து இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. அந்த வாரம் அக்கரைச் சந்தை வியாழக்கிழமைக்குப் பதில் சனிக்கிழமை கூடியது.