முதல் விலைக்கே போன நோய்

வில்ஃப் சக்டனின் அப்பாவுக்கு லீட்ஸ் நகரச் சந்தையில் துணிக்கடை இருந்தது. முதலில் விலையை ஏற்றிச் சொல், எதிராளி குறைப்பான், நடுவில் எங்கேயாவது கை குலுக்கலாம். இதுதான் அவர் பிள்ளைக்கு விட்டுப்போன ஒரே சொத்து. பிள்ளை அதைத் துணியில் செலவழிக்கவில்லை. நோயில் செலவழித்தான்.

அவன் பிழைப்பு சொற்களில். லம்லி என்பவரின் சின்னப் பதிப்பகத்தில் ஆங்கில இணைச்சொல் அகராதி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஒரு பொருளுக்கு எத்தனை சொல் உண்டோ அத்தனையையும் அட்டைக்கு ஒன்றாகத் தட்டச்சு செய்து, இலேசானது மேலே, கனமானது அடியில் என்று இழுப்பறையில் அடுக்க வேண்டும். அட்டையின் மூலையில் இழுப்பறைக்காரரின் பெயரெழுத்து. வில்ஃபுக்கு வாய்த்தவை மூன்று: பலவீனம், நோய், பொய்.

"மூணையும் ஒரே ஆள்கிட்ட குடுத்திருக்காரு பாரு," என்று பக்கத்து மேசை ஹில்டா கிராப்ட்ரீ சிரிப்பாள். "முதலாளிக்கு ஆளைப் பாத்தாலே தெரியும், கண்ணு!"

ஹில்டாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மூன்று மாதமாக மாடிப்படியில் நின்று நின்றுதான் ஏறிவருவாள். "உடம்பு எப்படி மிஸஸ் கிராப்ட்ரீ?" என்று கேட்டால், "ஒண்ணும் மோசமில்ல கண்ணு" என்பாள். அதோடு பேச்சு முடிந்தது. அந்தச் சொல்லையும் வில்ஃப் ஓர் அட்டையில் ஏற்றி, நோய்ப் பகுதியில் எல்லாவற்றுக்கும் மேலே, மிக இலேசானது என்று வைத்திருந்தான்.

ஜூலையில் அதே ஊரின் ஹெடிங்லி மைதானத்தில் ஐந்து நாள் கிரிக்கெட் டெஸ்ட் மேட்ச் வந்தது. இழுப்பறைகள் அச்சகத்துக்குப் போக வேண்டிய நாளும் அதற்குள்ளேயே, திங்கட்கிழமை, வந்து விழுந்தது. வியாழன் காலை வில்ஃப் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டில் நின்று கணக்குப் போட்டான். சளி என்றால் 'வந்து தும்முங்க' என்பார் லம்லி. நம் இழுப்பறையில் கொஞ்சம் அடியிலிருந்து ஒன்றை எடுப்போம். அவர் குறைத்துக் கேட்பார். இரண்டு நாளில் முடிப்போம்.

"நுரையீரல் உறையில அழற்சின்னு டாக்டர் சொல்றாரு சார். அஞ்சு நாளாவது ஆகுமாம்."

"அடக் கடவுளே. அஞ்சு போதுமா சக்டன்? பத்து எடுத்துக்கோங்க."

பேரமே இல்லை. சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டார். பேரம் பேசாதவரை ஏமாற்றியது வில்ஃபுக்குக் கொஞ்சம் உறுத்தியது. மைதானத்து வாசலில் சீட்டு வாங்கும்போது அது மறந்துவிட்டது.

நடுவில் ஞாயிறு ஓய்வு போக, ஆட்டம் செவ்வாயன்று முடிந்தது. புதன்கிழமை வேலைக்குப் போனான். மைதானத்து வெயிலில் வெந்த மூக்கு செக்கச்செவேலென்று தோலுரிந்துகொண்டிருந்தது. அறையில் ஒருவர்கூட மூக்கைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவன் டையைப் பார்த்தே பேசினார்கள்.

"காய்ச்சல் முகத்துல தெரியுது, பாவம்," என்றார் லம்லி. அவர் ஒருவர்தான் அதை மெய்யாகவே நம்பினார். "படுத்துக்கிட்டே நூத்திருபது அட்டை! திங்கக்கிழமை சாயங்காலம் எல்லாம் என் மேசையில. மூலையில உங்க எழுத்து. ஹில்டாகிட்ட குடுத்தனுப்பினீங்களாக்கும்?"

வில்ஃபுக்குப் புரிந்தது. அவன் இழுப்பறையை ஹில்டா முடித்திருக்கிறாள். முடித்தவள் தன் எழுத்தைப் போடாமல் அவன் எழுத்தைப் போட்டிருக்கிறாள். சொல்ல வேண்டிய நேரம் அதுதான், வாயையும் திறந்தான்.

"பெரிய விஷயமில்ல சார்."

லம்லியின் கண் கலங்கியது. முன்னுரையின் அச்சுப்படியை நீட்டினார். கடைசி வரி: 'கடும் நோயிலும் தம் பணியைக் கைவிடாத திரு. வில்ஃப் சக்டனுக்கு எம் நன்றி.' வெள்ளிக்கிழமை அச்சேறும். அதற்குள் பார்த்துத் திருப்பித்தர வேண்டும்.

"ஹில்டா எங்க சார்?"

"ஆஸ்பத்திரியில. அன்னைக்கு அட்டையெல்லாம் வச்சுட்டுக் கீழ இறங்கினவங்க படியிலயே உக்காந்துட்டாங்க. இதயமாம். ரொம்ப நாளாவே இருந்திருக்கு. நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே!"

சொன்னாள். தினமும் சொன்னாள். அந்த ஊரில் உண்மையான நோயாளிகள் அப்படித்தான் சொல்வார்கள்: வலி ஏற ஏறச் சொல் இறங்கும். அந்த ஊரிலேயே பிறந்து, சொல்லை எடை போட்டே சம்பளம் வாங்குகிற வில்ஃப் அந்த அட்டையைத் தலைகீழாக அடுக்கியிருந்தான்.

வியாழன் பிற்பகல் திராட்சையோடு போய்க் கட்டிலருகில் உட்கார்ந்தான். ஹில்டாவின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"எப்படி இருக்கீங்க?"

"ஒண்ணும் மோசமில்ல கண்ணு." கண்ணைத் திறந்து அவன் மூக்கைப் பார்த்தாள். அந்த ஒரு வாரத்தில் அதை நேராகப் பார்த்தவள் அவள்தான். "உனக்குத்தான் ரொம்ப முடியலபோல. எந்தப் பக்கம் உக்காந்த? வெயில் பக்கமா?"

வில்ஃப் திராட்சைப் பையின் வாயைத் திருகினான்.

"தெரிஞ்சுமா என் எழுத்தைப் போட்டீங்க?"

"இழுப்பறை உன்னுது. வேற எழுத்து இருந்தா அவரு கேப்பாரு. கேட்டா நான் பொய் சொல்லணும். எனக்கு அது வராது, கண்ணு. அந்தப் பகுதி உன்னுதாச்சே."

சிரிக்கப்போனாள், மூச்சு இடம் கொடுக்கவில்லை. தாதி வந்து அவனை வெளியே அனுப்பினாள்.

வெள்ளி காலை அச்சுப்படியில் தன் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே 'திருமதி ஹில்டா கிராப்ட்ரீ' என்று மையால் எழுதி லம்லியின் மேசையில் வைத்தான்.

"என்ன இது சக்டன்?"

வழியெல்லாம் தன் அட்டைகளைப் புரட்டிக்கொண்டே வந்திருந்தான். பாசாங்கு, பாவனை, மிகைப்படுத்தல், சிறு தவறான புரிதல். இந்தத் தடவை விலையை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

"பொய் சொன்னேன் சார். எனக்கு நோயே இல்ல. மேட்சுக்குப் போனேன். அட்டை அத்தனையும் அவங்க அடிச்சது. புதன்கிழமை நீங்க கேட்டப்பவும் சொல்லாம நின்னேன்."

லம்லி கத்துவார், வேலையை விட்டுத் துரத்துவார், அதற்கு இவன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்திருந்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு முதன்முறையாக அவன் மூக்கைப் பார்த்தார்.

"பரவாயில்ல," என்றார் மெதுவாக. "போய் வேலையைப் பாருங்க."

வில்ஃப் தன் மேசைக்குத் திரும்பினான். எடை போடத் தெரிந்தவன். 'பரவாயில்ல' என்ற அந்தச் சொல் எங்கே போகும் என்று இப்போது தெரியும். எல்லாவற்றுக்கும் அடியில்.