நாறாத தோக்கோஷ்

எங்கள் மலையில் நாறாத தோக்கோஷை யாரும் சட்டியில் போடமாட்டார்கள். ஓடைக்கரையில் குழி வெட்டி, வைக்கோல் விரித்து, உருளைக்கிழங்கை நிரப்பிக் கல்லை ஏற்றிவிட்டால், ஓடுகிற தண்ணீரிலேயே மாசக்கணக்கில் ஊறி அழுகும்; அதுதான் தோக்கோஷ். திறந்தால் குடலைப் புரட்டும் நாற்றம். அதற்குத்தான் காத்திருப்போம். பிள்ளை பெற்றவளுக்கு அதில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால்தான் உடம்பு தேறும், பால் சுரக்கும்.

என் மகள் நெலிதாவுக்கு முந்தாநாள் பிள்ளை பிறந்தது. காலையில் போய்க் குழியைத் திறந்தேன். நாற்றமே இல்லை. வைக்கோல் முழுக்கத் துருச்சேறு, மூக்குச்சளி மாதிரி கொழகொழவென்று. கிழங்கைப் பிளந்தால் உள்ளேவரை செம்மை ஏறி விறைத்துக் கிடக்கிறது. நாக்கில் வைத்தேன், பல் கூசியது. காறித் துப்பினேன். மேலே சுரங்கம் வந்ததிலிருந்து ஓடையில் ஒரு தவளை இல்லை, பாசி இல்லை. கிழங்கை அழுகவைக்கக்கூட வக்கில்லாத தண்ணீர்! குடிக்கவும் எங்களுக்கு அதுதான்.

என் புருஷன் மக்காரியோ அந்தச் சுரங்கத்தில் காவல்காரன். ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "தண்ணி சுத்தம், நான் பொறுப்பு" என்று சத்தியம் பண்ணிய மகராசன். நான் கொண்டுவந்த கிழங்கைப் பார்த்து இளித்தான்.

"நல்லதாப் போச்சு புள்ள. நாத்தமே இல்ல. இனிமே லிமா டவுன்காரங்ககூட வாங்கித் திம்பாங்க."

கஞ்சி காய்ச்சி, பட்டையும் சர்க்கரையும் போட்டேன். துருவாடை போகவில்லை. கிண்ணத்தை அவனிடம் நீட்டினேன்.

"மொத வாய் நீ குடிய்யா. அப்புறம் மகளுக்குக் குடுக்கிறேன்."

"நான் எதுக்கு? நானா புள்ள பெத்தேன்?"

"சத்தியம் பண்ணின வாய்தானே? ஒரு கரண்டி போனா வெந்தா போயிடும்?"

வாங்கினான். முகர்ந்தான். மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "வேலைக்கு நேரமாச்சு" என்று பூட்ஸை மாட்டினான். எனக்குக் கிழங்கைவிட அவனைப் பார்த்துத்தான் அதிகம் குமட்டியது. இவனோடுதான் இத்தனை வருஷம் ஒரே போர்வையில் படுத்திருக்கிறேன்!

படுக்கையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நெலிதா கேட்டாள்.

"அப்பா, சுரங்கத்துல நீங்க எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

"பாட்டில் தண்ணிம்மா. லாரில வருது."

"சாயங்காலம் வரும்போது எனக்கு ஒரு பாட்டில் கொண்டாங்கப்பா."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வெளிய கொண்டுபோக விடமாட்டாங்கம்மா. கேட்டுல சோதன போடுறதே நான்தான்."

கிண்ணத்தை எடுத்து அவன் பூட்ஸ் மேலேயே கவிழ்த்தேன்.